காற்றை அடைத்துவிட்டுக் காசு கேட்கிறார்கள்!

கிராண்ட்பாஸ் வீதியில் நின்று நாற்புறமும் நோக்குவோர் இன்று காண்பது யாது? ஒருபுறம் தோட்டம் என்னும் பெயரை மட்டும் சுமந்து, ஒரு செடிக்கும் இடமின்றி நெருங்கிக் கிடக்கும் முடுக்குகள். மறுபுறம் அவற்றினிடையே வானை நோக்கி எழும் தொடர்மாடிகள். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் சென்றால் முடுக்குகள் குறையும், மாடிகள் மிகும், வேறுபாடு அவ்வளவே. இம்மாடிகளுட் பலவற்றிடையே ஓர் ஒற்றுமை உண்டு. இயற்கை இலவசமாக ஈந்த காற்றையும் வெளிச்சத்தையும் சுவரெழுப்பித் தடுத்துவிட்டு, அவற்றையே மின்சாரமாக மாதந்தோறும் விலைகொடுத்து வாங்குமாறு குடியிருப்போரை அவை பணிக்கின்றன. இதற்கு இவர்கள் இட்ட பெயர் நவீனம்!

இதனைக் கேட்டால் கட்டட முதலாளிகள் ஒரு விடையை ஆயத்தமாக வைத்திருக்கின்றனர். "சூழலுக்கு இசைந்த கட்டடம் என்பது செல்வந்தரின் பொழுதுபோக்கு, வியாபாரத்துக்கு அது ஒவ்வாது" என்பதே அவ்விடை. இவ்விடை பொய் என்பதே எமது வாதம். தருமத்தின் பேராலோ, மரங்களின் பேராலோ நாம் வாதிக்க வரவில்லை. வியாபாரிகள் பேசும் இலாப நட்டக் கணக்கைக் கொண்டே வாதிக்க வந்தோம்.

இந்நாட்டில் இலாபக் கணக்கை நன்கறிந்தவர் யார்? ஆடைத் தொழில் முதலாளிகள் என்பதை எவரும் மறுக்கார். ஒரு சட்டைக்கு ஒரு சதம் மிச்சம் பிடிக்க இரவு பகலாகக் கணக்குப் பார்ப்பவர்கள் அவர்கள். அத்தகையோர் 2008-ஆம் ஆண்டில் என்ன செய்தனர்? எம்.ஏ.எஸ். நிறுவனம் துல்கிரியவில் "துருலிய" என்னும் புதிய ஆலையை, பசுமைக் கட்டட விதிகளுக்கு அமைய எழுப்பியது. பிராண்டிக்ஸ் நிறுவனமோ சீதுவையிலிருந்த தனது பழைய ஆலையொன்றையே திருத்தியமைத்தது. இரண்டுக்கும் அமெரிக்கப் பசுமைக் கட்டடப் பேரவையின் "லீட்" சான்றிதழில் அதியுயர் படியான பிளாட்டினம் கிடைத்தது. இவர்கள் திடீரெனத் துறவு பூண்டனரா? இல்லை. ஐரோப்பாவில் ஆடை வாங்குவோர் அதனைக் கேட்டனர், மின்கட்டணமும் குறைந்தது. வாங்குவோன் கேட்டான், விற்போன் செய்தான். இதிலே ஒரு பாடம் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

உல்லாசப் பயணத் தொழிலை எடுத்துக்கொள்வோம். ஜெப்ரி பாவா தம்புள்ளைக்கு அருகே கண்டலம ஏரிக்கரையில் அமைத்த விடுதி 1994-இல் திறக்கப்பட்டது. மலைப்பாறையை உடைக்காமல் அதனோடு ஒட்டிக் கட்டி, கூரையிலும் முகப்பிலும் காட்டையே படரவிட்டார் அவர். அந்தக் காட்டைக் காணவே வெளிநாட்டார் பணம் கொடுத்து வருகின்றனர். அவ்வாறு செய்யாது ஒரு வெள்ளைப் பெட்டியை அங்கே வைத்திருந்தால் எவர் வந்திருப்பார்?

"ஆலைக்கும் விடுதிக்கும் அது பொருந்தும், நெருக்கமான கொழும்பு நகரில் மாடிக் கட்டடத்துக்குப் பொருந்துமா?" என்று சிலர் வினவலாம். நல்ல வினா. அதற்கும் இந்நகரிலேயே விடை உண்டு. 1976-இல் அதே பாவா அரச ஈட்டு வங்கிக்கு வரைந்த பன்னிரண்டு மாடிக் கட்டடம், கடற்காற்று எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசையை நோக்கி உருவமைக்கப்பட்டது. மழையில் ஜன்னலைச் சாத்தினாலும் காற்று வந்துபோகச் சுவரிலே புழைகள் வைக்கப்பட்டன. குளிரூட்டியை நம்பாமல் உயர்மாடி அலுவலகம் அமைக்கலாம் என்பதற்கு உலகெங்குமுள்ள கட்டடக் கலைஞர் அதனை உதாரணமாகக் காட்டுகின்றனர். நாமோ அதன் நிழலில் நடந்து சென்று, கண்ணாடிப் பெட்டிகளுக்கு முற்பணம் கட்டுகிறோம்.

இனிச் செலவுக் கணக்கைப் பார்ப்போம். கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஏழு பாகையில் உள்ளது. நடுப்பகற் சூரியன் கூரைக்கு நேர்மேலே நிற்பான். காலையிலும் மாலையிலும் கிழக்குச் சுவரையும் மேற்குச் சுவரையும் சுடுவான். ஆகவே நீளமான பக்கங்களை வடக்கும் தெற்கும் நோக்க வைத்து, ஜன்னலுக்கு மேல் இரண்டு மூன்று அடி அகலத்தில் தாழ்வாரம் இறக்கினால், வெப்பத்தின் பெரும்பகுதி உள்ளே நுழையாது. காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறவும் வழி வேண்டும். இன்று கட்டப்படும் மாடிகளிலோ நடுவே இருண்ட நடைவழி. அதன் இருமருங்கும் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரேயொரு வெளிச்சுவர். வெளியேற வழியில்லாத இடத்துக்குள் காற்று புகவே மாட்டாது. இதனைச் சீராக்க எவ்வளவு செலவாகும்? நிலம் இடங்கொடுக்குமாயின், வரைபடம் காகிதத்தில் இருக்கும்போது ஓர் அழிறப்பரின் விலை! கொங்கிறீற் இறுகிய பின்னரோ எத்தனை லட்சம் கொட்டினாலும் சீராகாது.

அப்படியாயின் ஏன் செய்கிறார்களில்லை? கட்டுபவர் ஒருவர், கட்டணம் செலுத்துபவர் வேறொருவர் என்பதே காரணம். மாடியை விற்றுவிட்டு முதலாளி அடுத்த காணிக்குப் போய்விடுகிறார். வாங்கியவரோ ஆயுள் முழுவதும் மின்பட்டியலோடு மல்லாடுகிறார். மணிக்கு ஓர் அலகு இழுக்கும் குளிரூட்டி ஒன்றை இரவில் எட்டு மணிநேரம் ஓட்டினால் மாதம் 240 அலகு. வீட்டுப் பாவனைக்கான கட்டணத்தில் 180 அலகைத் தாண்டியவுடன் அதியுயர் விலைப் படி தொடங்குகிறது. அதாவது, ஒரு படுக்கையறையின் குளிர்ச்சி மட்டுமே ஒரு குடும்பத்தை அந்தப் படிக்குத் தள்ளிவிடும். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் உயர்ந்தது. பின்னர் குறைத்தார்கள், மீண்டும் கூட்டினார்கள். இந்த ஊசலாட்டத்திலே காற்றோட்டமுள்ள வீட்டுக்காரன் கலங்கவில்லை. அடைத்த பெட்டிக்குள் இருந்தவன் கலங்கினான். 2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் வெட்டப்பட்டபோது அப்பெட்டிக்குள் குளிரூட்டியும் இல்லை, காற்றும் இல்லை. சொந்த மின்பிறப்பாக்கி இல்லாத மாடிகளிலே தண்ணீர் ஏற்றும் பம்பும் நின்றது.

வலிகாமத்தில் வெங்காயமும் புகையிலையும் விளைவித்துச் சேர்த்த காசு, தந்தையின் காணியை ஈடுவைத்த காசு, கனடாவிலும் இலண்டனிலும் பனியில் நின்று உழைத்த பிள்ளைகளின் காசு. இவைதாமே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிகளாய் நிற்கின்றன? இக்காசுக்கு உரியவர்கள் சமையலறைக் கற்பலகையின் நிறத்தைக் கேட்கிறார்கள். குளியலறைக் குழாய் எந்நாட்டுச் சரக்கென்று கேட்கிறார்கள். காற்று எவ்வழியே வரும் என்று கேட்பாரில்லை. எமது கணக்காளர்களும் வைத்தியர்களும் பொறியியலாளர்களுங்கூடக் கேட்பதில்லை என்பதே எமக்கு வியப்பு. ஆடை வாங்கிய ஐரோப்பியர் கேட்டனர் என்றோமே, அதைத்தான் நாம் இங்கே குறிப்பிடுகிறோம்.

அரசாங்கமோ இன்னும் ஒருபடி மேலே நிற்கிறது! பொரளையில் 2001-ஆம் ஆண்டு 671 வீடுகளுடன் எழுந்த "சகஸ்புர" மாடி எத்திட்டத்தின் கீழ் கட்டப்பட்டது தெரியுமா? "நிலைபேறான நகரங்கள்" என்னும் திட்டத்தின் கீழ்! பெயருக்குக் குறைவில்லை. அதன்பின் நகர அபிவிருத்தி அதிகார சபை, முடுக்குகளில் வாழ்ந்தோரை மாடிகளில் ஏற்றி, விடுபடும் நிலத்தை வணிகத்துக்குக் கொடுக்கும் கொள்கையை வகுத்தது. முதலில் கட்டிய மாடிகள் பலவற்றில் ஒரு குடும்பத்துக்கு 400 சதுர அடி. 2019-இல் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி மேலும் 5,500 வீடுகளுக்கென 20 கோடி டொலர் கடனுக்கு இணங்கியது. கிராண்ட்பாஸ் முடுக்கில் இருந்தவன் இடியப்பம் அவித்து விற்றான், வாசலில் தையல் இயந்திரம் போட்டான், வெயிலில் மிளகாய் காயவைத்தான். பத்தாம் மாடியில் வாசல் ஏது, வெயில் ஏது? தொழிலைப் பறித்துவிட்டு, மின்தூக்கிக்கும் பொது விளக்குக்கும் பணம் கட்டச் சொன்னால் அக்கணக்கு எவ்வாறு நேராகும்? பராமரிப்புச் செலவைச் சுமக்க இயலாத ஏழைக்கு, பராமரிப்புச் செலவு மிகுந்த கட்டடத்தைத் தருவது எந்த ஊர் வியாபாரம்?

இதே கூத்தை வடக்கிலும் கிழக்கிலும் ஆட முயன்றனர் என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். போரில் வீடிழந்த எமது மக்களுக்கு 65,000 உருக்கு வீடுகளை, ஒன்று ஏறத்தாழ 21 லட்சம் ரூபா வீதம், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றைக்கொண்டு பொருத்தித்தர 2015, 2016-ஆம் ஆண்டுகளில் திட்டமிட்டனர். கிளிநொச்சி வெயிலில் உருக்குச் சுவர்! அத்தொகையில் இரண்டு கல்வீடுகள் கட்டலாமே என்று மக்கள் பிரதிநிதிகளும் பொறியியலாளரும் எதிர்த்து நின்றனர், திட்டம் கைவிடப்பட்டது. அதற்கு முன்பே இந்திய உதவித் திட்டத்தில், ஐந்தரை லட்சம் ரூபாவைப் பெற்றுத் தம் வீட்டைத் தாமே முன்னின்று கட்டியவர்கள் பல்லாயிரவர். அக்காசு ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் கல்லரிந்தவனுக்கும் போய்ச் சேர்ந்தது. உருக்கு வீட்டுக் காசு எங்கே போயிருக்கும்?

எமது முன்னோர் இக்கணக்கை அறியாதவர்களா? நடுவே முற்றம் விட்டு நாற்புறமும் விறாந்தை இறக்கிய நாற்சார் வீடு, பனஞ்சலாகை, களிமண் ஓடு, சுண்ணாம்புச் சாந்து. யாவும் அயலிலே கிடைத்தவை. அதனை அப்படியே கிராண்ட்பாசில் கட்டுங்கள் என்று நாம் பிதற்றவில்லை. ஆனால் அதன் அறிவைக் கைக்கொள்ளலாம். கேரளத்தில் லாறி பேக்கர் சுவரினுள்ளே வெற்றிடம் விட்டுச் செங்கல்லை அடுக்கும் "எலிப்பொறிக் கட்டு" முறையைப் பரப்பிச் செங்கல்லில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை மிச்சம் பிடித்தார், வெப்பத்தையும் தடுத்தார். புதுச்சேரிக்கு அருகே ஓரோவில்லில் மண்ணோடு சிறிதளவு சீமெந்து கலந்து அழுத்திய கற்களால் மாடிகளே எழுப்பியிருக்கின்றனர். 2021-இல் ஆயிரம் ரூபாவைச் சுற்றியிருந்த சீமெந்து மூடை அடுத்த ஆண்டே இருமடங்கைத் தாண்டி ஓடியதைக் கண்ட பிறகும், சீமெந்தைக் குறைக்கும் வழியை வியாபாரிக்கு நாம் சொல்லிக்கொடுக்கவேண்டுமா?

விவசாயிகளுக்கு இதிலென்ன என்று கேட்கவேண்டாம். நகரத்து மாடிக்கு மணல் ஆற்றிலிருந்து போகிறது. ஆற்றுப்படுகை தாழ்ந்தால் உப்புநீர் உள்ளே ஏறுகிறது. காங்கேசன்துறைச் சீமெந்தாலை 1990-இல் மூடப்பட்ட பின்னும் அதற்குச் சுண்ணக்கல் அகழ்ந்த பெருங்குழிகள் இன்னமும் வாய்பிளந்து கிடக்கின்றன; யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் நன்னீர் அச்சுண்ணக்கல்லினுள்ளேதான் தங்குகிறது என்பதைத் தோட்டக்காரன் அறிவான்.

தண்ணீர்க் கதையும் இதுவே. களனி எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதை அளக்கும் அளவுகோல் இங்கே நாகலகம் வீதியிலேதான் இருக்கிறது. ஐந்தடி சிறுவெள்ளம், ஏழடி பெருவெள்ளம், 1947-இல் அது பன்னிரண்டு அடியைத் தாண்டியது. 2016-இலும் 2025 நவம்பரிலும் களனி பெருகித் தாழ்நிலத்தோரைத் துரத்தியது. சதுப்பு நிலத்தை நிரப்பி, முற்றத்துக்கும் சீமெந்து பூசினால் மழைநீர் எங்கே போகும்? நகரக் கட்டடங்கள் மழைநீரைச் சேமிக்கவேண்டுமென 2007-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கச் சட்டமே கூறுகிறது. எத்தனை மாடிகளில் அந்தத் தொட்டி உண்மையில் நிரம்புகிறது என்பதை மாநகர சபை பார்த்துச் சொல்லட்டும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இப்போது விளம்பரப் பலகைகளில் "பசுமை" என்னும் சொல் மலிந்துவிட்டது. வாசலில் நான்கு பூச்சாடிகளும் கூரையில் இரண்டு சூரியத் தகடுகளும் வைத்துவிட்டு விலையைக் கூட்டுவோரும் உளர். இலங்கைப் பசுமைக் கட்டடப் பேரவை சான்றிதழ் வழங்குகிறது. அச்சான்றிதழ் உண்டா, எந்தப் படி என்று கேளுங்கள். பொதுப் பாவனைக்கு மாதம் எத்தனை அலகு செல்லும் என்பதை எழுத்தில் கேளுங்கள். அதனை உறுதி எழுதும் நொத்தாரிசிடம் காட்டிவிட்டே கையொப்பம் இடுங்கள். மாதிரி வீட்டைக் காட்ட அழைக்கும்போது குளிரூட்டியை நிறுத்தச் சொல்லி, பங்குனி மாதத்துப் பகல் இரண்டு மணிக்கு அரைமணி நேரம் உள்ளே அமர்ந்து பாருங்கள். விற்பவரையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். அதன்பின் விலை பேசலாம்.