பெயர் இல்லாத தாளம்



பாட்டு யாருடையது? பாடியவருடையது என்பான் ஒருவன். எழுதிய கவிஞருடையது என்பான் மற்றொருவன். மெட்டமைத்தவரே உரியவர் என்று மேசையைத் தட்டுவான் மூன்றாமவன். நம் விடுதியில் இந்த வழக்கு நள்ளிரவு வரை நடக்கும். தீர்ப்பு மட்டும் வந்ததில்லை. ஆனால் மேசையைத் தட்டும் அந்த விரல்கள் எதைத் தட்டுகின்றன? பாடகரின் குரலையா? இல்லை! ஒலிப்பதிவுக் கூடத்தின் மூலையில் அமர்ந்து, ஊரும் பேரும் அறியப்படாத ஒரு டிரம்ஸ் கலைஞர் அடித்த தாளத்தைத்தான். இந்த வழக்கில் வக்கீல் இல்லாதவர் அவர் ஒருவரே. அவருக்காக நான் வாதாட வந்திருக்கிறேன்.

"ஏன், சிவமணியை எங்களுக்குத் தெரியாதா?" என்பீர்கள். தெரியும், நன்றாகவே தெரியும். 1959-இல் சென்னையில் பிறந்தவர். தந்தை எஸ்.எம். ஆனந்தன் திரையிசையில் தாளக்கருவி வாசித்தவர். மகன் ஏழு வயதிலேயே குச்சியைக் கையில் பிடித்தார். சென்னையில் வாசித்துவந்த நோயல் கிராண்டையும், மகாவிஷ்ணு இசைக்குழுவில் ராக்கையும் ஜாஸையும் கலந்து முழக்கிய பில்லி காபமையும் மனத்தில் இருத்தி வளர்ந்தார். 1990-இல் பம்பாய் ரங்பவனில் சாகிர் உசேனோடு மேடை ஏறினார், பெயர் பரவியது. 2008-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடிய திடலில் அவர் முழக்கம் கேட்டது. 2014-இல் 'அரிமா நம்பி' படத்துக்கு அவரே இசையமைத்தார். 2019-இல் பத்மஸ்ரீ வந்தது. வாளி, பெட்டி, தண்ணீர்க் குடுவை, எது கிடைத்தாலும் வாசிப்பார். அதை வித்தை என்று முகம் சுளிப்போரும் உண்டு. எனக்கும் சில வேளை அது நீண்டுவிடுவதாகத் தோன்றும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாம் அவரை அறிந்தது மேடையில். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் வாசித்தவற்றில் பத்துப் பாட்டைச் சொல்லச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்? மேடைக்கு வராதவர்கள் நிலை இன்னும் மோசம். இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்தவர் புருஷோத்தமன். 2020-இல் அவர் மறைந்தபோதுதான், நாம் பிறந்தது முதல் கேட்டுவந்த முழக்கத்துக்கு ஒரு முகம் உண்டு என்பதே பலருக்குத் தெரிந்தது!

அந்த வேலை எளிதா? வலக்கால் பெருமுரசை மிதிக்கும். இடக்கால் இரு தட்டுகளைச் சேர்த்துப் பிரிக்கும். கைகள் இரண்டும் வேறு வேறு கணக்கில் ஓடும். பாடகரும் குழுவினரும் ஒரே வேளையில் இசைக்கப் பதிவு நடந்த காலத்தில், டிரம்ஸ்காரர் அரை மாத்திரை தவறினால் அறுபது பேரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். "இசையமைப்பாளர் எழுதிக் கொடுத்ததைத்தானே வாசித்தார்?" என்று கேட்போர்க்கு ஒன்று சொல்வேன். பல்லவி முடிந்து சரணத்துக்குத் தாவும் இடத்தில் ஓர் உருட்டு வருகிறதே, அது பெரும்பாலும் தாளில் இருப்பதில்லை. வாசிப்பவர் கையில் இருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஹால் பிளேன் என்றொரு டிரம்ஸ் கலைஞர், 1929-இல் பிறந்து 2019-இல் மறைந்தவர். 1965-இல் பேர்ட்ஸ் குழுவின் புகழ்பெற்ற முதல் இசைத்தட்டு வந்தது. உறையில் குழுவினர் படம். அந்தப் பாட்டில் டிரம்ஸ் வாசித்தவரோ பிளேன்! முதலிடம் பிடித்த பாட்டுகள் நாற்பதில் அவர் கை இருந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ராக் இசையின் புகழ் மண்டபம் அவருக்கு இடம் அளித்தது 2000-ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தாமதந்தான், ஆனாலும் கணக்கு எடுத்தார்கள். நாம் எடுத்தோமா?

எம்.பி. சீனிவாசன் முன்னின்று திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கண்டார். கூலிக்கு வழி பிறந்தது; பெயருக்குப் பிறக்கவில்லை. பின்னர் ஏ.ஆர். ரகுமான் ஒலிநாடா உறைகளில் கருவி வாசித்தோர் பெயர்களை அச்சிட்டார். அதை நான் அவருடைய மெட்டுகளுக்கு இணையான தொண்டாகவே கருதுகிறேன். இன்று உறையும் இல்லை, ஒலிநாடாவும் இல்லை. கைபேசித் திரையில் பாடகர், இசையமைப்பாளர் பெயரோடு பட்டியல் முடிந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், நிகழ்த்துக் கலைஞர் தம் பெயரால் அடையாளம் காட்டப்பட உரிமை தந்தது. நல்லது! ஆனால் அதே திருத்தத்தில் ஒரு விலக்கும் உண்டு. திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிக்கப்படுவதில்லையானால், அவர் கலைஞராகவே கருதப்பட மாட்டார். தம் பங்கைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை மட்டும் மிஞ்சும். பெயர் போடாமல் விட்டது யார் குற்றம்? விட்டவர் குற்றம். அதன் தண்டனை யாருக்கு? விடுபட்டவருக்கு! டிரம்ஸ் கலைஞரின் பங்கு துணையானது என்று யாரேனும் சொன்னால், அந்தப் பாட்டைத் தாளமில்லாமல் ஒருமுறை பாடிக் காட்டச் சொல்லுங்கள்.

இதற்கிடையே இயந்திரமும் வந்துவிட்டது. 1980-களில் தாளப்பொறிகள் பரவின. 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்திலேயே கணிப்பொறி இசை ஒலித்தது. நான் அறிவியல் மாணவன், பொறியைப் பழிக்க மாட்டேன். ஆனால் மனிதனுக்குப் பெயர் போடாத உறையில் பொறியின் பெயரைப் பெருமையாகப் போடுவதைக் காணும்போது சிரிப்பதா, சினப்பதா?

நாம் வாழும் தீவையே பாருங்கள். செல்லுலார் சிறையின் நடுக்கோபுரத்தில் விடுதலை வீரர்கள் பெயர்கள் சலவைக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன, வணங்குகிறோம். 1896 முதல் 1906 வரை அந்தச் சிறையைக் கட்டிய கைதிகளின் பெயர்கள்? கடலுயிர் ஆய்வில்கூட, படகு ஓட்டியவருக்குக் கட்டுரையின் கடைசியில் ஒரு வரி நன்றி எழுதுகிறோம். பாட்டுக்கு அந்த வழக்கமும் இல்லை.

நம் சங்கம் என்ன செய்யலாம்? வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் டிரம்ஸோ தவிலோ பறையோ வாசித்த பெரியவர்களைத் தேடி, யாரிடம் கற்றார்கள், எங்கே வாசித்தார்கள் என்று கேட்டு எழுதலாம். இரண்டு விடுமுறைகள் போதும். அதற்கு முன் பொங்கல் விழா இருக்கிறது. அழைப்பிதழில் பாடுவோர் பெயரோடு வாசிப்போர் பெயரும் வரவேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பட்டியலை நானே எழுதித் தருகிறேன். இடம் போதாது என்று அச்சகத்தார் சொன்னால், சிறப்பு விருந்தினரின் பட்டங்களில் இரண்டைக் குறைக்கலாம்.