ஊசிக்கு முன் ஒரு கேள்வி

தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்துக் கொள்வனவு தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். மருந்தின் தரத்துக்கு அரசே பொறுப்பு. அதை நோயாளியின் தலையில் கட்ட முடியாது. ஆனால், நல்ல மருந்தும் ஆள் மாறினால் ஆபத்துதான். அந்தத் தவறை நோயாளியும் தடுக்கலாம்.

நாம் கேட்பதில்லை. 'டொக்டருக்குத் தெரியாததா?' என்ற மரியாதையும், சிங்களம் சரளமாக வராத தயக்கமும் வாயைக் கட்டிவிடுகின்றன.

ஒவ்வாத மருந்தின் பெயரை கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். மொழி தடுமாறும்போது கொப்பி பேசும். பாவிக்கும் குளிசைகளை உறையோடு கொண்டுபோங்கள். ஊசி ஏற்றுமுன் உங்கள் பெயரைச் சொல்லி, என்ன மருந்தென்று கேளுங்கள். நோன்பு காலத்தில் நீரிழிவு மருந்தின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

வகுப்பில் கேள்வி கேட்கும் பிள்ளையை நான் மரியாதை தெரியாதவன் என்பதில்லை. வார்ட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.