வெற்றுச் சட்டை ராஜா: பேலியல் குடும்பத்தின் கதை

ஸ்காட்லாந்து வரலாறு என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது 1995-ல் வந்த 'பிரேவ்ஹார்ட்' படம்தான். வில்லியம் வாலஸ், ராபர்ட் புரூஸ்... அத்தோடு கதை முடிந்துவிடும். ஆனால் வாலஸ் யாருடைய பெயரில் போர் செய்தார்? 1298-ல் அவர் நாட்டின் காவலராக இருந்தபோது ஆணைகள் வெளிவந்தது "அரசர் ஜான்" பெயரில். அந்த ஜான் அப்போது இங்கிலாந்தில் கைதி. முழுப்பெயர் ஜான் பேலியல். ஸ்காட்லாந்துக்காரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'டூம் டேபர்ட்'. தமிழில் சொன்னால் வெற்றுச் சட்டை.

எழுநூறு வருஷமாக இந்தக் கேலி தொடர்கிறது. இது நியாயமா?

பேலியல் குடும்பம் ஸ்காட்லாந்துக் குடும்பமும் இல்லை, இங்கிலாந்துக் குடும்பமும் இல்லை. அவர்களின் ஊர் பிரான்சின் பிக்கார்டிப் பகுதியில் உள்ள பையல். 1090களில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் வில்லியம், கய் என்பவருக்கு வடக்கு எல்லைப்புறத்தில் நிலம் கொடுத்தார். எல்லையைக் காக்க ஆள் வேண்டும், அதற்குக் கூலி நிலம். கய்க்குப் பின் வந்த பெர்னார்டின் பெயரில்தான் டீஸ் நதிக்கரையில் உள்ள கோட்டையும் அதைச் சுற்றி வளர்ந்த ஊரும் இன்றும் 'பார்னார்ட் காசில்' என்று அழைக்கப்படுகின்றன.

1138-ல் ஸ்காட்லாந்து அரசர் டேவிட் படையெடுத்து வந்தபோது, சண்டை வேண்டாம் என்று பேசிப் பார்க்க ஆங்கிலேயர் தரப்பிலிருந்து இரண்டு பேர் போனார்கள். ஒருவர் பெர்னார்ட் பேலியல். இன்னொருவர் ராபர்ட் புரூஸ் (படத்தில் வரும் புரூஸின் முன்னோர்!). பேச்சு பலிக்கவில்லை. 1174-ல் ஆனிக் என்ற இடத்தில் ஸ்காட்லாந்து அரசர் வில்லியம் சிறைபிடிக்கப்பட்டபோதும் பிடித்தவர்களில் ஒரு பேலியல் இருந்தார். ஸ்காட்லாந்து ராஜாவைப் பிடித்துக் கொடுத்த குடும்பம், பின்னாளில் அந்த ராஜ்ஜியத்துக்கே ராஜாவானது. விதியின் விளையாட்டு என்று வேறு எதைச் சொல்வது?

அந்த ஏற்றம் வாளால் வரவில்லை, கல்யாணத்தால் வந்தது. 1233-ல் மூத்த ஜான் பேலியல் கேலோவே பிரபுவின் மகள் டெர்வொர்கில்லாவை மணந்தார். அவருடைய தாய், ஸ்காட்லாந்து அரச குலத்தைச் சேர்ந்த ஹன்டிங்டன் பிரபு டேவிட்டின் மூத்த மகள். நிலமும் வந்தது, அரச ரத்தமும் வந்தது. இந்த மூத்த ஜான் டர்ஹாம் ஆயரோடு சண்டை போட்டு, அதற்குப் பிராயச்சித்தமாக ஆக்ஸ்ஃபோர்டில் சில ஏழை மாணவர்களுக்குச் சாப்பாட்டுச் செலவு கொடுக்க ஒப்புக்கொண்டார். 1268-ல் அவர் இறந்ததும் அந்தச் சின்ன உதவி நின்றுபோயிருக்கலாம். டெர்வொர்கில்லா விடவில்லை. 1282-ல் முறைப்படி விதிகள் வகுத்து அதை ஒரு கல்லூரியாக நிலைக்க வைத்தார். அதுதான் ஆடம் ஸ்மித் படித்த பேலியல் கல்லூரி. கணவரின் பதப்படுத்திய இதயத்தைக் கடைசிவரை கூடவே வைத்திருந்து, அதோடேயே அடக்கமானவர் அவர். அடக்கமான இடம், அவரே 1273-ல் கட்டிய மடம். பெயர் 'ஸ்வீட்ஹார்ட் அபே'. காதலர் தினக் கட்டுரைகளில் இந்த அம்மாவை ஏனோ யாரும் கண்டுகொள்வதில்லை.

1286-ல் அரசர் மூன்றாம் அலெக்சாண்டர் குதிரையோடு விழுந்து இறந்தார். வாரிசான நார்வே பேத்தி 1290-ல் வழியிலேயே இறந்தாள். அதே வருஷத் தொடக்கத்தில் டெர்வொர்கில்லாவும் காலமாகியிருந்ததால், உரிமை அவருடைய மகன் ஜானுக்கு வந்தது. பதின்மூன்று பேர் போட்டி. பஞ்சாயத்து பண்ண அழைக்கப்பட்டவர் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட். அவர் கேட்ட விலை, எல்லோரும் தன்னை மேலாண்டவராக ஏற்க வேண்டும் என்பது. புரூஸ் உட்பட ஏற்றுக்கொண்டார்கள். 1292 நவம்பரில் தீர்ப்பு ஜானுக்கு. மூத்த மகளின் வழி என்ற முறையில் அது சட்டப்படி சரியான தீர்ப்பே.

அடுத்த நான்கு வருஷம் நரகம். ஸ்காட்லாந்து நீதிமன்றத் தீர்ப்புகள் மேல் எட்வர்ட் மேல்முறையீடு கேட்டார், ராஜாவையே நேரில் நிற்கச் சொன்னார். 1294-ல் பிரான்சோடு போருக்கு ஆள் அனுப்பச் சொன்னார். ஜானுக்கு இங்கிலாந்திலும் நிலம், பிரான்சிலும் நிலம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். குடும்பத்தை உயர்த்திய அதே எல்லைதாண்டிய சொத்துகள்தான் இப்போது கழுத்தைப் பிடித்தன. 1295-ல் ஸ்காட்லாந்து பிரான்சோடு கூட்டுச் சேர்ந்தது. 1296-ல் பெரிக் நகரம் சூறையாடப்பட்டது, டன்பாரில் படை தோற்றது, ஜூலையில் ஜான் முடி துறந்தார். அவர் மேலங்கியிலிருந்த அரச சின்னத்தைப் பிய்த்தெடுத்தார்கள். பட்டப்பெயர் அப்படி ஒட்டியதுதான்.

அந்த 1296-ல் புரூஸ் குடும்பம் எங்கே இருந்தது? எட்வர்டுக்காக கார்லைல் கோட்டையைக் காத்துக்கொண்டிருந்தது! ஜெயித்தவனுக்குச் சிலை, தோற்றவனுக்குக் கேலி. புரூஸுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது, ஜானுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். 1306-ல் டம்ஃப்ரீஸ் தேவாலயத்தில் புரூஸ் தரப்பால் கொல்லப்பட்ட ஜான் காமின், ஜான் பேலியலின் சகோதரி மகன் என்பதையும் மறக்கக் கூடாது.

ஜான் மாவீரரும் இல்லை. 1298-ல், இனி ஸ்காட்லாந்தே வேண்டாம் என்று சொன்னவர்தான் அவர். 1301-ல் பிக்கார்டியில் மூதாதையர் நிலத்துக்குத் திரும்பி, 1314-ல் இறந்தார். பானக்பர்னில் புரூஸ் ஜெயித்த அதே வருஷம்.

கேலிக்கு உண்மையிலேயே தகுதியானவர் மகன் எட்வர்ட் பேலியல். 1332-ல் ஆங்கிலேய உதவியோடு வந்து டப்ளின் மூரில் ஜெயித்து முடிசூடினார். டிசம்பரில் ஆனன் என்ற ஊரில் திடீர்த் தாக்குதல். அரைகுறை உடையோடு குதிரையேறி கார்லைலுக்கு ஓட்டம்! 1334-ல் தெற்கு மாவட்டங்களை இங்கிலாந்துக்கு எழுதிக் கொடுத்தார். 1356-ல் வருஷத்துக்கு 2,000 பவுன் உதவித்தொகைக்கு அரச உரிமையையே மூன்றாம் எட்வர்டிடம் ஒப்படைத்தார். அப்பாவிடமிருந்து பறித்தார்கள், மகனோ விற்றார். 1364-ல் வாரிசு இல்லாமல் அவர் இறந்ததோடு அரச பேலியல் வம்சம் முடிந்தது.

பார்னார்ட் காசில் வேறு பிரபுக்கள் கைக்குப் போய் இன்று இடிபாடாக நிற்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் டெர்வொர்கில்லாவின் கல்லூரிக்கு மட்டும் இப்போதும் வருஷா வருஷம் புதிய மாணவர்கள் வந்து சேர்கிறார்கள்.