வரவும் செலவும்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

சென்ற இதழில் வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் முறையைப் பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர்கள் சிலர் கடிதம் வாயிலாகவும், சங்க நூலகத்தில் நேரிலும் ஒரே கேள்வியைக் கேட்டனர். “கணக்கு எழுதினோம், திங்கள்தோறும் இரண்டாயிரமோ மூவாயிரமோ மிஞ்சுகின்றது. கைபேசியைத் திறந்தால் பணத்தைப் பெருக்க ஆயிரம் வழி சொல்கின்றார்கள். எதனை நம்புவது?” என்பதே அக்கேள்வி. நாம் பொருளாதார நிபுணர் அல்லோம். புகைவண்டி அலுவலகத்தில் பேரேடு எழுதும் எழுத்தர் வகுப்பைச் சேர்ந்தோம். ஆயினும் பேரேட்டோடு பழகிய கண்ணுக்குப் புலப்படும் சில செய்திகளை ஈண்டுத் தொகுத்துரைக்க முற்படுகின்றோம்.

நம் பெற்றோர் காலத்தில் சேமிப்பு என்றால் அஞ்சலகம், ஆயுள் காப்பீடு, சீட்டு, நகை ஆகிய நான்கே. ஓய்வு பெற்ற பின் ஓய்வூதியம் வரும் என்னும் துணிவு அவர்களுக்கு இருந்தது. 2004 ஜனவரிக்குப் பின் மைய அரசுப் பணியில் சேர்ந்த நம் தலைமுறையினரோ, சந்தையோடு பிணைந்த புதிய ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வந்தோம். 2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் அளிக்கப்பட்டது. தனியார் நிறுவனங்களில் பணிபுரியும் அன்பர்களின் நிலை இதனினும் கடினம். ஆகவே பங்கு, பத்திரம், நிதி என்னும் சொற்களைச் செல்வர் வீட்டுச் சொற்கள் என்று நாம் ஒதுக்கிவிடுதற்கில்லை.

இன்றுள்ள வழிகளை மூன்று வரிசையாகப் பிரித்துக் காண்பது எளிது.

முதல் வரிசை, வங்கியும் அரசும். வங்கி வைப்புத் தொகைக்குக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரை அக்காப்பீடு செல்லும். நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் வங்கி ஒன்றேயானால் வரம்பும் ஒன்றே. 2019இல் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி முடங்கியபோது பம்பாய்ப் பக்கத்தில் எத்தனை குடும்பங்கள் தவித்தன என்பதை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஓய்வுக்காலத் தொகை முழுவதையும் ஒரே வங்கியில் குவிப்பவர்கள் இவ்வரம்பை நினைவிற் கொள்ளுதல் நலம். இவையன்றி, 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தொடங்கிய ‘ரீட்டெயில் டைரக்ட்’ என்னும் ஏற்பாட்டின் வழியே அரசுக் கடன் பத்திரங்களைத் தரகர் துணையின்றி நாமே வாங்கலாம்.

இரண்டாம் வரிசை, ‘செபி’ எனப்படும் பங்குச் சந்தை வாரியத்தின் மேற்பார்வையில் உள்ளவை. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அதிகாரம் பெற்ற வாரியம் இது. பங்குகளும், நிறுவனக் கடன் பத்திரங்களும், பரஸ்பர நிதிகளும் இவ்வரிசையின. பரஸ்பர நிதியில் சிறு தொகையை மாதத் தவணையாகச் செலுத்தும் எஸ்.ஐ.பி. முறை நம் போன்றோர்க்கு ஏற்றது. 2013 ஜனவரி முதல், இடைத்தரகு இல்லாத ‘டைரக்ட்’ திட்டங்களும் உள்ளன. அவற்றில் செலவுக் கழிவு குறைவு. இங்கே ஒன்றைத் தெளிதல் வேண்டும். மேற்பார்வை உண்டு என்பதனால் இலாபம் உறுதி என்று பொருளாகாது. சந்தை இறங்கினால் நம் பணமும் இறங்கும். ஐந்தாறு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தையே இதில் போடலாம். அடுத்த ஆண்டு மகள் திருமணத்திற்கென்று வைத்த பணத்தை அன்று.

மூன்றாம் வரிசை, புதுமையின் பெயரால் நம்மை அழைப்பவை. ‘எஃப் அண்டு ஓ’ எனப்படும் முன்பேர வணிகம் சட்டத்திற்கு உட்பட்டதே. ஆயினும் 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்திய மூன்று நிதியாண்டுகளில் இவ்வணிகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனி மனிதர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அலுவலக இடைவேளையில் கைபேசியை உற்று நோக்கிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் இக்கணக்கை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

கிரிப்டோ நாணயங்களில் கிடைக்கும் இலாபத்திற்கு 2022 ஏப்ரல் முதல் நூற்றுக்கு 30 வரி விதிக்கப்பட்டது. நட்டத்தை வேறு வருமானத்தில் கழித்துக்கொள்ள இடமில்லை. வரி விதித்ததனாலேயே அரசு அதற்குப் பிணை நிற்கின்றது என்று கருதுவது பிழை. கைபேசிச் செயலிகளில் விற்கப்படும் ‘டிஜிட்டல் தங்கம்’ தன் மேற்பார்வைக்கு உட்பட்டதன்று என்று செபி 2025 நவம்பரில் எச்சரித்ததையும் இங்கே குறிப்பிடல் தகும்.

நிற்க. மேற்சொன்னவற்றில் வருவது நட்டம். இனிச் சொல்லப்போவது களவு.

பழைய களவு ஒன்று உண்டு. தேக்கு மரம் வளர்ப்போம் என்றும், ஈமு கோழி வளர்ப்போம் என்றும் தமிழகத்தில் பணம் திரட்டினார்கள். பெருந்துறைப் பக்கத்து ஈமு திட்டம் 2012இல் கவிழ்ந்தது. அடுத்த ஆண்டே மேற்கு வங்காளத்தில் சாரதா நிறுவனம் கவிழ்ந்து இலட்சக்கணக்கான ஏழைகளின் சேமிப்பைக் கரைத்தது. மரமும் கோழியும் வெளிவேடமே. புதிதாகச் சேருபவர் பணத்தை எடுத்துப் பழையவருக்கு வட்டியாகக் கொடுப்பதுதான் உள்ளே நடந்த தொழில். புதியவர் வரவு நின்ற அன்றே வட்டியும் நின்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்துவிட்டது. எனினும் பெயரை மாற்றிக்கொண்டு அவை திரும்பத் திரும்ப முளைக்கின்றன.

இவற்றை அறியச் சிறு கணக்கே போதும். மாதம் நூற்றுக்குப் பத்து இலாபம் என்று ஒருவன் சொல்கின்றான். அந்த இலாபத்தை எடுக்காமல் அப்படியே விட்டுவைத்தால், ஒரு லட்சம் ஓராண்டில் 3 லட்சத்துக்கு மேலாகும். மூன்றாண்டில் ஏறத்தாழ 31 லட்சமாகும். இத்தகைய வித்தை கைவந்தவன் தன் வீட்டை விற்றாவது தானே போட்டுக்கொள்வானேயன்றி, நம் வீட்டுப் படியேறி நம்முடைய ஐம்பதாயிரத்தைக் கேட்பானா?

புதிய களவு இன்னும் நுட்பமானது. நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர், பெயர் குறிப்பிடாமல் எழுதலாம் என்று இசைவு தந்ததனால், அவருக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகத் தருகின்றோம். ஓய்வு பெற்றுப் பணிக்கொடை கைக்கு வந்த சில வாரங்களில், கேளாமலே அவரை ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்தார்கள். அக்குழுவை நடத்தியவன் திருநெல்வேலித் தமிழில் “அண்ணாச்சி” என்று அழைத்துப் பேசினான். முப்பது ஆண்டுகளாக அயல்மொழியின் நடுவே வாழ்ந்தவருக்கு அந்த ஒரு சொல்லே பாதி உறுதிச் சீட்டாயிற்று. ஒரு செயலியைத் தரவிறக்கச் செய்தான். முதலில் இருபதாயிரம் போட்டார். மூவாயிரத்து நானூறு இலாபம் என்று உண்மையாகவே வங்கிக்கு வந்தது. பின்னர்ப் புதிய பங்கு வெளியீட்டில் அவருக்கு மிகுதியாக ஒதுக்கீடு கிடைத்துவிட்டது என்றும், உடனே பணம் கட்டாவிடில் முன் கட்டியதும் போய்விடும் என்றும் நெருக்கினார்கள். ஐந்து வாரத்தில் பதினான்கு லட்சம் சென்றது. திரையில் அறுபத்தொரு லட்சம் இருப்பதாகக் காட்டிற்று. எடுக்க முயன்றபோது, “வரியாக ஆறு லட்சம் கட்டுங்கள், உடனே விடுவிக்கின்றோம்” என்றார்கள்.

அவர் பத்தொன்பது நாள் மனைவியிடம் கூடச் சொல்லவில்லை. இறுதியில் விடுமுறைக்கு வந்த மகள், “அப்பா, அந்தப் பங்குகள் உங்கள் டீமேட் கணக்கில் இருக்கின்றனவா?” என்று கேட்டார். இல்லை. ஒன்றுகூட இல்லை. புகார் கொடுத்தபின் ஒரு லட்சத்துச் சொச்சம் மட்டும் ஏதோ ஒரு கணக்கில் முடக்கிவைக்கப்பட்டுள்ளது. “முதல் நாளே சொல்லியிருந்தால்” என்று அவ்வம்மையார் நம்மிடம் சொன்னார். அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை.

சரக்கு அலுவலகத்தில் ரயில்வே ரசீதைக் காட்டாதவருக்கு மூட்டையை ஒப்படைப்பதில்லை. ரசீது தொலைந்ததென்றால் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். வந்தவர் நம் ஊர்க்காரரா, நம் மொழி பேசுகின்றவரா என்பது அங்கே கேள்வியன்று. நம் சேமிப்பையும் அவ்வாறே காத்தல் வேண்டும். அதற்குரிய சோதனைகள் வருமாறு:

1. பதிவு எண்ணைக் கேளுங்கள். செபியின் பதிவெண், முதலீட்டு ஆலோசகருக்கு ஐ.என்.ஏ. என்றும், ஆய்வாளருக்கு ஐ.என்.ஹெச். என்றும், தரகருக்கு ஐ.என்.இசட். என்றும் தொடங்கும். அவர் காட்டும் சான்றிதழை நம்பாமல், செபியின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பிறர் எண்ணைத் திருடிக் காட்டுவோரும் உளர். ஆகவே அங்கே பதிவாகியுள்ள தொலைபேசி எண்ணுக்கே பேசி உறுதி செய்யுங்கள்.

2. பணம் எவர் கணக்கிற்குச் செல்கின்றது என்று பாருங்கள். தனி மனிதர் பெயரிலோ, கேள்விப்படாத வணிக நிறுவனத்தின் பெயரிலோ கட்டச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2025 அக்டோபர் முதல் பதிவு பெற்ற தரகர்களுக்கும் பரஸ்பர நிதிகளுக்கும் ‘வேலிட்’ என்னும் சொல்லோடு வங்கியின் பெயரும் சேர்ந்த தனி யூ.பி.ஐ. முகவரி வழங்கப்பட்டது. பணம் செலுத்தும்போது பச்சை முக்கோணத்துள் உயர்த்திய கட்டைவிரல் சின்னம் தோன்றும்.

3. புதிய பங்கு வெளியீட்டிற்கு விண்ணப்பித்தால், ஒதுக்கீடு ஆகும்வரை பணம் நம் வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படுமேயன்றி வெளியே செல்வதில்லை. வேறெவர்க்கும் அனுப்பச் சொல்வது களவே.

4. வாங்கிய பங்கு, பங்குகளைக் காக்கும் என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். அனுப்பும் கணக்கறிக்கையில் உள்ளதா என்று பாருங்கள். திரையில் தோன்றும் எண் சொத்தன்று.

5. நம் பணத்தை எடுக்க நம்மிடமே பணம் கேட்பவன் திருடன். இழந்ததை மீட்டுத் தருகின்றேன் என்று கட்டணம் கேட்டு வருபவனும் அவன் உறவினனே.

ஏமாந்துவிட்டோம் என்று தோன்றிய அந்த நொடியே 1930 என்னும் எண்ணுக்குப் பேசுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்குத் தாவுமுன் முடக்கினால்தான் மீளும் வாய்ப்புண்டு. வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குத் தரும் தவணை. வீட்டாரும் அவ்வேளையில் ஏசுதல் கூடாது. ஏச்சுக்கு அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை.

இறுதியாக, சங்கத்தைப் பற்றி ஒரு சொல். ஆண்டுவிழா மலருக்குப் பெருந்தொகை விளம்பரம் தர ஒருவர் அண்மையில் முன்வந்தார். அவர் நடத்தும் திட்டத்திற்குப் பதிவெண் கேட்டபோது மறுமொழி வரவில்லை. நிர்வாகக் குழு விளம்பரத்தை ஏற்கவில்லை. மலருக்குச் சிறிது இழப்பே. எனினும் நம் குடும்பங்கள் ஒன்றையொன்று நம்புவதற்காக ஏற்பட்ட இச்சங்கத்தின் பெயர், எவருடைய பொறிக்கும் இரையாகலாகாது. உறுப்பினர் தொலைபேசிப் பட்டியலை வெளியார்க்குத் தரவேண்டா என்றும் அன்பர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.

ஐயம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க நூலகத்திற்கு வரலாம். பணம் கட்டுமுன் வாருங்கள். பதிவெண்ணைச் சேர்ந்தே பார்ப்போம். அடுத்த திங்கள், சேமிப்புக் கணக்குகளில் நியமனதாரர் பெயரைப் பதிவு செய்யும் முறையைப் பற்றி எழுதுவோம்.