சாட்சியை எழுதி வையுங்கள்



கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றவை. பாறை வெடிப்புக்குத் தப்பி, ஊரிகத்தின் லைன் வீடுகளுக்குத் திரும்பிய தகப்பன்மார் முழங்காற்படியிட்டுக் கர்த்தரைத் துதித்தனர். அச்சாட்சிகளை எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. பிழைப்புக்காகப் பிள்ளைகள் பெங்களூருக்கும் பிற நகரங்களுக்கும் சிதறினர். சாட்சி சொன்ன முதியோர் ஒவ்வொருவராய் இளைப்பாறுதலுக்குள் பிரவேசிக்கின்றனர். அவர்களோடு சாட்சியும் மறைந்துபோகலாமா?

தரங்கம்பாடியில் சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சிட்டு முடிக்கப்பட்டது. அன்று அச்சுக்கூடம் வேண்டியிருந்தது. இன்று உங்கள் கையிலிருக்கும் தொலைபேசியே போதும்.

ஆனால் லூக்காவைக் கவனியுங்கள். கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்ததைத் திட்டமாய் விசாரித்தறிந்த பின்னரே அவர் எழுதினார். நீங்களும் ஆண்டையும் இடத்தையும் கேட்டறியுங்கள். நடந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுங்கள். பிறரைத் தூற்றவும் தன்னை உயர்த்தவும் எழுதுவது சாட்சியல்ல.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, தாயாரின் அருகே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அமருங்கள். அவர்கள் சொல்வதை உங்கள் பேரப்பிள்ளைகள் வாசிக்கட்டும்.