பல்கலைக்கழகத்தில் அறிவுடைமைக்கு இடம் உண்டா?



அண்மையில் மார்சிலிங் ரயில் நிலையத்தருகே என் பழைய மாணவி ஒருத்தியைச் சந்தித்தேன். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறாள். தேர்ச்சி சிறப்பு, வேலையும் உறுதியாகிவிட்டதாம். வாழ்த்தினேன். அவளோ சற்றுத் தயங்கி, “எதை எப்படிச் செய்வது என்று நன்றாகக் கற்றுக்கொடுத்தார்கள், டீச்சர். எதற்காகச் செய்ய வேண்டும் என்றுதான் யாரும் கேட்கவில்லை” என்றாள். நான் வாயடைத்து நின்றேன். அவளுக்குத் தமிழ் கற்பித்த நானும் அதைக் கேட்டதில்லை. கருத்தறிதலுக்கு முழு மதிப்பெண் பெறும் வழியைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இன்று நாம் பயிலும் வரிசையில் திருக்குறளின் 40ஆம் அதிகாரம் கல்வி. 43ஆம் அதிகாரம் அறிவுடைமை. இரண்டும் ஒன்றெனில் ஓர் அதிகாரமே போதுமே! இடையில் 42ஆவதாக நிற்பது கேள்வி. இங்குக் கேள்வி என்பது வினா அன்று; அறிந்தோர் சொல்லைச் செவிமடுத்தல். கற்றவன் பிறர் சொல்லைக் கேட்டுப் பழகியே அறிவுடையவன் ஆகிறான் என்று இவ்வரிசையை நான் புரிந்துகொள்கிறேன். நம் பல்கலைக்கழகங்களோ 40ஆம் அதிகாரத்தோடு பட்டமளித்து அனுப்பிவிடுகின்றன.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. லண்டனில் தத்துவம் கற்பித்த நிக்கலஸ் மாக்ஸ்வெல், அறிவைத் திரட்டுவதோடு நில்லாமல் வாழ்வில் மதிப்புடையது எது என்று காணவும் அதனை அடையவும் மாந்தர்க்குத் துணைநிற்பதே பல்கலைக்கழகத்தின் பணி என்று 1984இல் நூல் எழுதி வாதிட்டார்.

சிங்கப்பூரிலும் ஒரு முயற்சி நடந்தது. 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்த யேல்-என்யுஎஸ் கல்லூரியில், அறிவியல் பயில வந்தவரும் இராமாயணம் படித்தனர். தத்துவம் பயில வந்தவரும் அறிவியல் படித்தனர். சிறு குழுக்களாக அமர்ந்து, ஒருவர் கருத்தை மற்றவர் கேட்டு விவாதித்தனர். அக்கல்லூரி மூடப்படும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. இறுதி அணி 2025இல் பட்டம் பெற்றது. பல்துறைக் கல்வியை மேலும் பல மாணவர்க்கு விரிவுபடுத்தவே இம்மாற்றம் என்றனர். அந்நோக்கம் நல்லதே. ஆயின் விரிவுபடுத்தும்போது பாடத்திட்டம் மட்டும் பரவி, அமர்ந்து கேட்கும் பழக்கம் சுருங்கிவிடலாகாது.

“ஐயா, முதலில் பிள்ளைக்கு வேலை கிடைக்கட்டும், ஞானம் பிறகு வரட்டும்” என்று பெற்றோர் சிலர் கூறுவர். அவர்களைக் குறைகூற மாட்டேன். இரவுப்பணி பார்த்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோர் என் வகுப்பிலேயே உள்ளனர். ஆனால் கணினியே விடை எழுதித்தரும் இக்காலத்தில், எந்த விடை எவருக்கு நன்மை தரும் என்று ஆராயத் தெரிந்தவருக்கே நாளை மதிப்பு. வேலைக்கும் அறிவுடைமை வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் இரண்டு செய்யலாம். ஒவ்வொரு துறை மாணவரும் தம் துறையால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீங்கு என்று பிற துறையினரோடு அமர்ந்து ஆராயும் ஒரு பாடத்தை வைக்கலாம். அதற்குத் தரப்புள்ளி வழங்காது விடலாம். இஃது இயலாததன்று. முதற்பருவத் தேர்ச்சியைச் சராசரியில் சேர்க்காமல் விட 2014இலேயே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் வழிசெய்தது. மதிப்பெண் அச்சம் நீங்கினால்தான் மாணவர் “எனக்குத் தெரியவில்லை” என்று துணிந்து சொல்வர். அறிவுடைமை அங்குதான் தொடங்குகிறது.

நமக்கும் பங்குண்டு. பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம் “எத்தனை மதிப்பெண்?” என்றுதான் கேட்கிறோம். “இன்று யார் சொன்னதைக் கேட்டு உன் கருத்தை மாற்றிக்கொண்டாய்?” என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். நான் என் வகுப்பில் கேட்கத் தொடங்கிவிட்டேன். முதல் நாள் அனைவரும் விழித்தனர். இரண்டாம் வாரம் ஒரு கை உயர்ந்தது.

மாற்றுக்கருத்து உடையோர் தயங்காமல் எழுதுங்கள். கேட்பதற்குக் காத்திருக்கிறேன்.