வேட்டி கட்டிப் போனால் உள்ளே விடுவார்களா?

ஊட்டியில் ஒரு பெரிய ஓட்டல். வாசலில் காவல்காரர் நிற்கிறார். தலையில் தலைப்பாகை. முறுக்கிய மீசை. கதவு முழுவதும் கண்ணாடி. உள்ளே மங்கலான விளக்கு. மேசைகளின் மேல் வெள்ளை வெளேர் என்று துணி.

வெளியே ஒரு குடும்பம் நிற்கிறது. அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நாளாவது பெரிய ஓட்டலில் சாப்பிட வேண்டும் என்று வருஷம் முழுவதும் பணம் சேர்த்திருக்கிறார்கள். பையில் பணம் இருக்கிறது. வயிற்றில் பசியும் இருக்கிறது. கால்தான் நகரவில்லை.

"இந்த வேட்டியோடு உள்ளே விடுவார்களா?" என்று அப்பா கேட்கிறார்.

"எதற்கு வம்பு? எதிரே இருக்கிற மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்கிறார் அம்மா.

இப்படித் திரும்பிப் போன குடும்பங்கள் எத்தனையோ! அவர்களை யாரும் தடுக்கவில்லை. "போ" என்று யாரும் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, தாங்களே திரும்பிவிட்டார்கள்.

இந்தப் பயம் வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. காரணம் உண்டு.

நீதிபதிக்கே இடம் இல்லை!

2014-ம் ஆண்டு ஜூலை மாதம் 11-ந் தேதி. சென்னை சேப்பாக்கத்தில், கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா நடந்தது. சென்னை ஐகோர்ட்டு நீதிபதி அரிபரந்தாமன் அந்த விழாவுக்கு அழைக்கப்பட்டிருந்தார். அவர் வேட்டி, சட்டையில் வந்தார்.

வாசலிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். வேட்டி கட்டியவர்கள் உள்ளே வரக் கூடாது என்பது கிளப்பின் விதியாம்! வேட்டியோடு வந்த வக்கீல்களுக்கும் அதே பதில்தான். நீதிபதி திரும்பிப் போனார்.

மறுநாள் தமிழ்நாடு முழுவதும் இதே பேச்சு. சட்டசபையிலும் பிரச்சினை எழுந்தது. கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லோரும் கண்டித்தார்கள். அப்போது முதல்-அமைச்சராக இருந்த ஜெயலலிதா, இதற்கு ஒரு சட்டம் வரும் என்று அறிவித்தார். அடுத்த மாதமே, அதாவது ஆகஸ்டிலேயே, சட்டம் நிறைவேறிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? வேட்டியோ, மற்ற இந்தியப் பாரம்பரிய உடையோ உடுத்தி வருகிறவரைப் பொது இடத்தில் நுழைய விடாதபடி எந்தக் கிளப்பும், சங்கமும், கம்பெனியும் விதி போடக் கூடாது. மீறினால் ஓர் ஆண்டு வரை ஜெயில். 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். லைசென்சுக்கும் ஆபத்து.

நீதிபதியைத் தடுத்தபடியால் சட்டம் வந்தது. ஒரு விவசாயியைத் தடுத்திருந்தால் வந்திருக்குமா? இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளைக்காரன் வைத்த வழக்கம்

இந்த விதி எங்கே இருந்து வந்தது? வெள்ளைக்காரர்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது, தங்களுக்குள் கூடிப் பேசவும், குடிக்கவும், சாப்பிடவும் கிளப்புகளை வைத்துக்கொண்டார்கள். சென்னையில் மெட்ராஸ் கிளப் 1832-ல் தொடங்கியது. அதில் இந்தியருக்கு உறுப்பினர் இடம் கிடையாது. அதனால்தான் 1873-ல் இந்தியரும் சேரக்கூடிய காஸ்மாபாலிடன் கிளப் என்று தனியாக ஒன்று வந்தது.

குளிர் நாட்டில் கோட்டு போட்டார்கள். சரி. கழுத்தை மறைத்து டை கட்டினார்கள். அதுவும் சரி. அதையே சித்திரை மாதத்துச் சென்னையிலும் செய்தார்கள். வியர்வையில் நனைந்துகொண்டே செய்தார்கள்! அவர்கள் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள். விதி மட்டும் கப்பல் ஏறவில்லை. நாற்காலியில் நம் ஊர்க்காரர்கள் உட்கார்ந்தார்கள். விதிப் புத்தகம் அப்படியே இருந்தது.

காந்தி அடிகளுக்கு இது பொருட்டாக இருக்கவில்லை. 1921-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான், அவர் மேல் உடையைக் களைந்து முழங்கால் அளவு துண்டுக்கு மாறினார். ஏழைகளுக்கு அதற்கு மேல் துணி இல்லை என்பது காரணம். பத்து ஆண்டு கழித்து, 1931 நவம்பரில், லண்டன் பக்கிங்காம் அரண்மனையில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தேநீர் விருந்து வைத்தார். அங்கேயும் காந்தி அடிகள் அதே துண்டோடும் ஒரு சால்வையோடும்தான் போனார்.

இன்னும் அண்மைக் காலத்துச் சங்கதி ஒன்று உண்டு. உலகத்திலேயே மிகக் கண்டிப்பான உடை விதி உள்ள இடங்களில் ஒன்று, ஸ்டாக்ஹோமில் நடக்கும் நோபல் பரிசு விழா. ஆண்கள் வால் வைத்த கறுப்புக் கோட்டு போட வேண்டும். வெள்ளை டை கட்ட வேண்டும். ஆனால் அந்த விதியிலேயே, "அவரவர் தேசிய உடையும் அணியலாம்" என்று இருக்கிறது. 2019 டிசம்பரில் பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி அங்கே வேட்டி கட்டிக்கொண்டு பரிசு வாங்கினார். அவருடன் பரிசு பெற்ற அவர் மனைவி எஸ்தர் டுஃப்ளோ பிரெஞ்சு நாட்டில் பிறந்தவர். அவர் சேலை உடுத்தி வந்தார்! சுவீடன் மன்னர் கையால் வேட்டியோடு பரிசு வாங்கலாம். சேப்பாக்கத்தில் வேட்டியோடு புத்தக விழாவுக்குப் போக முடியவில்லை.

சேலைக்கும் இந்தச் சோதனை வந்தது. 2021 செப்டம்பரில் தில்லியில் ஓர் உணவகத்து வாசலில், சேலை 'ஸ்மார்ட் கேஷுவல்' உடை ஆகாது என்று ஊழியர் ஒருவர் சொல்லும் காட்சி நாடு முழுவதும் பரவியது. உணவகம் வேறு காரணம் சொன்னது. ஆனால் அந்த வார்த்தை வாயில் இருந்து வந்துவிட்டதே!

'ஸ்மார்ட் கேஷுவல்' என்றால் என்ன?

பெரிய ஓட்டல்களில் இப்படிச் சில வார்த்தைகள் புழங்குகின்றன. படித்தவர்களே இவற்றைக் கண்டு விழிப்பது உண்டு. பயப்பட ஒன்றும் இல்லை. 'ஸ்மார்ட் கேஷுவல்' என்றால், சாதாரண உடைதான், ஆனால் சுத்தமாகவும் மடிப்பாகவும் இருக்க வேண்டும் என்று பொருள். ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, முழுக் கால்சட்டை, காலுக்கு ஷூ அல்லது நல்ல செருப்பு. பெண்களுக்குச் சேலை, சுடிதார் எதுவும் சரி. 'ஃபார்மல்' என்றால் கல்யாண வரவேற்புக்குப் போவது போல. 'பிளாக் டை' என்று அழைப்பிதழில் கண்டால் கறுப்பு டையை மட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டு போய்விடக் கூடாது! அதற்கென்று தனிக் கோட்டும், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு முடிச்சும் உண்டு. விடுமுறைக்குப் போகும் குடும்பத்துக்கு அந்தக் கவலை வர வழியே இல்லை.

எது ஆகாது? பனியன், அரைக்கால் சட்டை, குளியல் அறை ரப்பர் செருப்பு. ஓட்டல்காரர்கள் பெரும்பாலும் முகம் சுளிப்பது இவற்றுக்குத்தான். அது நியாயமும்கூட. பக்கத்து மேசையில் ஒருவர் ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சாப்பிடும்போது, எதிரே ஒருவர் கையில்லாத பனியனோடு உட்கார்ந்தால் யாருக்கும் பிடிக்காது. சுத்தமாக வா என்று கேட்க ஓட்டலுக்கு உரிமை உண்டு. உன் தகப்பன் கட்டிய உடையைக் கட்டாதே என்று சொல்லத்தான் உரிமை இல்லை.

கைலி? அது வீட்டு உடை. அதைக் கட்டிக்கொண்டு போய்ச் சட்டம் பேசலாம். பேசி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும்.

வெளிநாடு போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நம் சட்டம் அங்கே செல்லாது. லண்டனில் ரிட்ஸ் என்று ஓர் ஓட்டல், 1906-ல் திறந்தது. ஆண்கள் கோட்டும் டையும் அணிந்துதான் சாப்பாட்டுக் கூடத்துக்கு வர வேண்டும் என்ற விதிக்குப் பெயர்போனது. அப்படிப்பட்ட இடங்களுக்கு முன்னதாகவே டெலிபோன் செய்து, "எங்கள் நாட்டு உடையில் வரலாமா?" என்று கேட்டுவிடுவது நல்லது. கேட்பதில் வெட்கம் இல்லை. வாசல் வரை போய்த் திரும்புவதுதான் வேதனை.

பட்டுச் சேலைக்குக் காவல்

மலை ஊர்களுக்குப் போகும்போது வேட்டி கட்டுகிறவர்கள் இரட்டை வேட்டியாக எடுத்துக்கொள்ளலாம். குளிருக்கும் அடக்கம். பார்வைக்கும் கம்பீரம். இடுப்பில் நிற்காது என்று பயப்படும் இளைஞர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் வேட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. மடித்துக் கட்டிய வேட்டியை வாசலிலேயே இறக்கிவிட வேண்டும். இதைச் சொல்லவே வேண்டாம். கோவிலிலும் அதுதானே வழக்கம்?

பெண்கள் இருக்கிற நகையை எல்லாம் போட்டுக்கொள்ள வேண்டியது இல்லை. ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் அது சாப்பாட்டைவிடப் பெரிய கவலையாகிவிடும். கீழே சமவெளி ஊர்களில் ஓட்டல் கூடங்கள் ஏ.சி.யால் குளிரும். பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் ஒரு சால்வை எடுத்துப் போகலாம். மேசையில் கூம்பாகவோ விசிறியாகவோ மடித்து வைத்திருக்கும் துணி அழகுக்கு அல்ல. அதைப் பிரித்து மடியில் விரித்துக்கொள்ள வேண்டும். பட்டுச் சேலையில் குருமா சிந்தாமல் காப்பாற்றுவது அதுதான்.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகப் புதுக் கோட்டு வாங்குகிறவர்களும் உண்டு. அந்தக் கோட்டு பிறகு பீரோவில் பூச்சி உருண்டையோடு தூங்கும். அந்தப் பணத்துக்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் இன்னொரு தடவை ஐஸ்கிரீம் சாப்பிட்டிருப்பார்கள்.

ஊட்டிக் குடும்பம் இன்னும் அங்கேயே நிற்கிறது. அப்பா வேட்டியைச் சரிசெய்துகொள்கிறார். முன்னே நடக்கிறார். காவல்காரர் அவர் வேட்டியைப் பார்க்கக்கூட இல்லை. சலாம் வைத்துக் கதவைத் திறக்கிறார். எல்லோரும் உள்ளே போகிறார்கள். பாட்டி மட்டும் வாசலில் நின்று செருப்பைக் கழற்றப் போகிறார்.

"போட்டுக்கிட்டே வாங்கம்மா" என்கிறார் காவல்காரர்.